கயிற்றின் நுனி

ஏற்காட்டுக்கு இருபது வளைவு என்று
நெடுஞ்சாலைத் துறை பலகை நட்டிருக்கிறது.
என் கணக்கில் நாலு சிகரெட்.
அடிவாரத்தில் ஒன்று.
ஏழாவது வளைவில், என்ஜின் ஆறட்டும் என்று ஒன்று.
பதினொன்றில் சடைச்சி அக்கா கடை டீயோடு ஒன்று.
ஏரி கண்ணில் பட்டதும், வந்துசேர்ந்ததற்கு ஒன்று.
இறங்கும்போது எண்ணியதில்லை.

ஏன் விட்டாய் என்று கேட்கிறார்கள்.
எந்த டாக்டரும் படம் காட்டவில்லை.
வீட்டில் யாரும் சத்தியம் வாங்கவில்லை.
லீ பஜாரில் விடியுமுன் ஏற்றிய உருளைக்கிழங்கு மூட்டை,
மேலே பள்ளி விடுதிச் சமையலறைக்குப்
பதினெட்டுப் படி.
ஒன்பதாவதில் இறக்கிவைத்து
அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.
என் மூச்சு எனக்குப் பின்னால்
இன்னும் கீழ்ப்படியில் வந்துகொண்டிருந்தது.
டை கட்டிய ஒரு பொடியன் நின்று,
"அண்ணா, ஒரு முனைய நான் பிடிக்கட்டுமா?"
மூட்டையில் பாதிகூட இருக்கமாட்டான்.

அவ்வளவுதான் காரணம்.

முதல் வாரம் மலை நீண்டுவிட்டது.
ஏழாவது வளைவில் குட்டியானை
வண்டிமாடு மாதிரி தானாக ஓரங்கட்டியது.
கைக்கு வேலையில்லை.
ஸ்டியரிங்கில் தாளம் போட்டேன்.
மூட்டையில் கைவிட்டு
ஒரு வெங்காயத்தை உரித்துத் தின்றேன்.
மாதேஸ் எனக்கு மரியாதை கொடுத்து
தலையை வெளியே நீட்டி இழுத்தான்.
ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் புகை
வண்டியைச் சுற்றிவந்து
என் பக்க ஜன்னல் வழியாக ஏறியது.

ஒன்பதாம் நாள் தோற்றேன்.
அவனிடம் ஒன்று வாங்கிப் பாதி இழுத்து,
அணைத்து, மீதியைச் சட்டைப்பையில் வைத்து,
பெரிய மனிதன் போல அடிவாரம் வரை வந்து,
அங்கே அதையும் இழுத்தேன்.
மறுநாள் மறுபடி ஒன்றாம் நாள்.

மூக்கு திரும்பும், காப்பிப்பூ வாசம் வரும்
என்று சொல்லியிருந்தார்கள்.
முதலில் திரும்பி வந்தது
என் வண்டியின் மூலையில்
எத்தனையோ நாளாய் அழுகிக்கொண்டிருந்த
முட்டைக்கோஸ்.
அது இருந்ததே எனக்குத் தெரியாது.

சடைச்சி அக்காவிடம்தான் சொல்ல வரவில்லை.
ஹாரன் அடிக்காமல் ஆறு நாள் கடந்தேன்.
கடை முகப்பில் தொங்கும் கயிறு
நுனி சிவந்து
போகிற வண்டியை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது.
ஏழாம் நாள் அவளே ரோட்டில் இறங்கி மறித்தாள்.
"நாப்பத்தாறு ரூவா பாக்கி. அதுக்கா இப்படி ஓடுற?"
கொடுத்தேன். விஷயத்தையும் சொன்னேன்.
நல்லது என்று சொல்லவில்லை.
விரல் மடக்கி
ஒரு நாளைக்கு எவ்வளவு குறையும் என்று பார்த்தாள்.
பிறகு சிகரெட் பெட்டியை
கடலைமிட்டாய் டப்பாவுக்குப் பின்னால் தள்ளினாள்.
என் வண்டி முனகும் சத்தம் பத்தாவது வளைவில் கேட்டாலே
இப்போதும் தள்ளுகிறாள் என்கிறான் மாதேஸ்.
கயிற்றை மட்டும் அணைப்பதில்லை.
அது எனக்காகத் தொங்கிய கயிறு அல்ல.

மார்கழியில் ஒரு காலை.
பள்ளத்தாக்கைக் காணோம், சேலத்தைக் காணோம்,
கைப்பிடிச் சுவரோடு உலகம் முடிந்திருந்தது.
டீயை ஊதினேன்.
வாயிலிருந்து வெள்ளையாய் வந்தது.
எப்போது பற்றவைத்தேன் என்று நெஞ்சு திடுக்கிட்டது;
அதற்குள் என் விரல்
இல்லாத சிகரெட்டிலிருந்து
சாம்பலைத் தட்டிவிட்டது.
அக்கா பார்த்துவிட்டாள்.
எதுவும் கேட்காமல்
டீக்கு மட்டும் எடுத்துக்கொண்டு
மீதிச் சில்லறையை
நிதானமாய் எண்ணித் தந்தாள்.

விடுதிப் படியில் இன்று
பதின்மூன்றாவதில் நின்றேன்.
மூட்டையை இறக்கவில்லை.